மார்ச் முதல் வாரம்: சேலத்தில் பனியா, கோடையா?

மார்ச் முதல் வாரத்தில் சேலத்தில் என்ன பருவம் என்று கேட்டால், பதில் யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. பஞ்சாங்கத்துக்கு மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். வானிலை ஆய்வுத் துறைக்கோ மார்ச் 1 பிறந்தாலே கோடை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பஞ்சாங்கம் சரி, மதியம் இரண்டு மணிக்கு வானிலைத் துறை சரி. காலையில் 21, 22 டிகிரியில் இருக்கும் ஊர் மதியம் 36-ஐத் தொட்டுவிடும். சென்னையில் இதே வாரத்தில் அந்த வித்தியாசம் பத்து டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும்.

கடல் தூரம், காற்றில் ஈரம் குறைவு. அதுதான் விஷயம். பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவெல்லாம் அகச்சிவப்புக் கதிர்களாக மேலே அனுப்புகிறது. காற்றில் நீராவியும் வானில் மேகமும் இருந்தால் அதில் பெரும்பங்கு தரைக்கே திரும்பிவிடும். மாசி வானத்தில் இரண்டுமே குறைவு, வெப்பம் தப்பிவிடுகிறது. பகலில் கதை வேறு. மண் ஈரமாக இருந்தால் வெயிலின் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் முடிந்து இரண்டு மாதம் காய்ந்து கிடக்கும் மண்ணில் அந்தச் செலவு இல்லை. வெயில் மொத்தமும் சூடாகவே மாறுகிறது.

சரி, ஏற்காடு? மலையேறினால் சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம், ஏன் குளிர்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சூரியனுக்கு நாம் ஏறுகிற ஒன்றேகால் கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. காற்று மேலே போகப் போக அழுத்தம் குறைந்து விரிகிறது. விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவழிக்கிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். கணக்குப் போட்டால் எட்டு டிகிரி வித்தியாசம்.

இரவில் இந்தக் கணக்கு தடுமாறும். சரிவில் குளிர்ந்த காற்று கனமாகி, பள்ளத்தை நோக்கி ஓடும் தண்ணீர் போல இறங்கிவருகிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை நிற்பதால் காற்றோட்டம் இல்லாத இரவுகளில் அது சேலத்தில் தேங்கிவிடும். கீழே குளிர், அதற்கு மேலே கொஞ்சம் சூடான அடுக்கு. அடுப்புப் புகையும் வண்டிப் புகையும் அந்த அடுக்கைத் தாண்ட முடியாமல் பரந்து நிற்கும். காலையில் மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் நின்று பார்த்தால் ஊர் மேல் சாம்பல் நிறத்தில் தெரிவது அதுதான். வெயில் ஏறித் தரை சூடானதும் கலைந்துவிடும்.

இந்த ஒழுங்கைக் குலைப்பது வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்று. சில நாட்களில் அது தென்கிழக்கிலிருந்து உள்ளே நுழைந்து, உள்நாட்டு வறண்ட காற்றைச் சந்திக்கும். சந்திக்கும் இடத்தில் காற்று மேலே எழும். மலைச் சரிவு அதை இன்னும் தூக்கிவிடும். மதியத்துக்கு மேல் சேர்வராயன் தலையில் மேகம் திரண்டு, சாயங்காலம் இடியோடு கொட்டும். கீழே சேலத்தின் அஸ்தம்பட்டியிலும் கோரிமேட்டிலும் பெரும்பாலும் ஒரு சொட்டு விழாது. மழையால் குளிர்ந்த காற்று மட்டும் சரிவில் உருண்டு வந்து புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகும்.

அந்த மழைக்காகத்தான் காபித் தோட்டக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது பூ மழை. காபி மொட்டு வறட்சியில் உறங்கும். நல்ல மழை ஒன்று பட்டால் விழித்து, எட்டுப் பத்து நாளில் மல்லிகை வாசத்தோடு வெள்ளையாகப் பூக்கும். சும்மா தூறிவிட்டுப் போனால்தான் ஆபத்து: மொட்டு விழித்துவிடும், ஆனால் முழுதாக விரியத் தண்ணீர் போதாமல் கருகும். அதனால் தண்ணீர் வசதி உள்ளவர்கள் மழையை நம்பாமல் தெளிப்பான் போட்டு நனைத்துவிடுகிறார்கள். பூ உதிர்ந்து பிஞ்சு நிற்கவும் சில வாரங்களில் இன்னொரு மழை வேண்டும். அது பங்குனியில் வந்தாக வேண்டும்.