நாலு சிவப்பு மைப் பதிவுகளும் தூங்காத இரவுகளும்

"லீவு முடிந்து 19 நாள் தாமதமாகத் திரும்பியது. 14 நாள் காவல்." பட்டாளத்துக்காரர் ஒருவரின் நடத்தைத் தாளில் சிவப்பு மையில் ஒரு வரி ஏறினால், அதில் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். ஏன் தாமதம் என்று எழுத அந்தத் தாளில் இடம் கிடையாது. அந்த 19 நாளும் அவர் வள்ளியூர்ப் பக்கம் தன் வீட்டுத் திண்ணையில் விடிய விடிய உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அது வீட்டுக்காரிக்குத் தெரியும், எதிர்வீட்டுப் பெரியவருக்குத் தெரியும். தாளுக்குத் தெரியாது.

இப்படி நாலு வரி சேர்ந்தால் "இவர் படைக்கு வேண்டாதவர்" என்று டிஸ்சார்ஜ் செய்ய வழி பிறக்கிறது. ஊருக்கு வந்த பிறகுதான் முழு அடியும் விழும். 15 வருட சர்வீஸ் நிறையாததால் ஓய்வூதியம் இல்லை. நடத்தைக் குறைவுக்காக வெளியேற்றப்பட்டவர் முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டார் என்பதால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அடையாள அட்டையும் கிடைக்காது. பல வருடம் கழித்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒரு டாக்டர், "இது போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு" என்கிறார். அப்படியானால் பழைய டிஸ்சார்ஜைத் திருப்பிப் பார்க்க முடியுமா? முடியும். ஆனால் நோய் இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அந்தத் தேதியில், அந்தக் குற்றத்துக்கு, இந்த நோய்தான் காரணம் என்று காட்ட வேண்டும். மறுபரிசீலனை முழுக்க இந்த ஒரு முடிச்சில்தான் நிற்கிறது.

முதலில் நோயைப் பார்ப்போம். மூளையின் இரு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி உண்டு. ஆபத்து என்றால் முதலில் மணி அடிப்பது அது. நடந்தது எங்கே, எப்போது என்று முகவரி ஒட்டிவைப்பது ஹிப்போகாம்பஸ். "இது பழைய சத்தம், இப்போது ஆபத்தில்லை" என்று மணியை அடக்குவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை. பக்கத்தில் நின்றவர் சிதறிப்போனதைப் பார்த்த மூளையில் இந்த மூன்றுக்கும் இடையே உள்ள ஒழுங்கு கெடலாம். நினைவு பதிகிறது, முகவரி சரியாக ஒட்டவில்லை. ஆடி மாதக் கோயில் கொடையில் நள்ளிரவுச் சாமபூசைக்கு வேட்டுப் போடுகிறார்கள். ராதாபுரம் பக்கத்துக் கல்குவாரியில் மத்தியானம் வெடி வைக்கிறார்கள். ஊரார் காதைப் பொத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். இவருக்கு அந்த நொடியில் அது கார்கில் போர் நடந்த திராஸ் மலை. நார்அட்ரினலின் என்ற பதற்றச் சுரப்பு ஏறி, நெஞ்சு அடித்து, உடம்பு சுவரோரம் ஒதுங்கிவிடுகிறது. யோசிக்கும் பகுதி வேலைக்கு வருமுன் எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறி கையேடான டிஎஸ்எம்மில் இந்தப் பெயர் ஏறியது 1980-ல். இப்போதைய டிஎஸ்எம்-5 கணக்குப்படி சாவு, படுகாயம், பாலியல் வன்முறை இவற்றில் ஒன்றை நேரிலோ நெருங்கியவர் வழியாகவோ சந்தித்திருக்க வேண்டும். வேண்டாத நினைவு, கனவு, மறுபடி நடப்பது போன்ற உணர்வு இவற்றில் ஒன்றாவது வேண்டும். தவிர்த்தலில் ஒன்று. மனநிலையும் எண்ணமும் கெட்டதற்கான அடையாளத்தில் இரண்டு. தூக்கமின்மை, எரிந்துவிழுதல், சதா காவல் காக்கும் நிலை போன்றவற்றில் இரண்டு. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையை முடக்கியிருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை நடத்தைத் தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ராணுவச் சட்டம் 1950-ன் 39-ஆம் பிரிவு லீவு இல்லாமல் போவதையும் லீவு முடிந்தும் திரும்பாமல் இருப்பதையும் குற்றம் என்கிறது. டாக்டர் பாஷையில் அதுவே தவிர்த்தல் ஆகலாம். 48-ஆம் பிரிவு குடிபோதை. ராத்திரித் தூக்கத்துக்காகக் குடிக்கிறவருக்கு முதல் பாதித் தூக்கம் கிடைக்கும். பின்பாதியில் போதை இறங்கும்போது கனவு இரட்டிப்பாக வரும், மறுநாள் அளவு கூடும். மேலதிகாரியை எதிர்த்துப் பேசியது எரிச்சல் அடையாளத்தோடு சேரும். காவல் பணியில் கண் அயர்ந்தது, நாலு நாள் தூங்காதவரின் உடம்பு தானாக எடுத்துக்கொண்டது. எல்லாக் குற்றத்துக்கும் இப்படி ஜோடி கிடைக்காது. பண்டகசாலைச் சாமானை விற்றதும் பொய் ரசீது போட்டதும் திட்டம் போட்டுச் செய்த வேலை. அதற்கு இந்த நோயைக் காரணம் காட்டினால் பொருந்தாது. மற்ற பதிவுகளுக்குச் சொன்ன உண்மையான காரணத்தையும் அது சேர்த்துக் கெடுத்துவிடும்.

"அப்போதே டாக்டரிடம் போயிருக்கலாமே?" என்ற கேள்வி எல்லா விசாரணையிலும் வரும். படையில் உடல்தகுதியை ஐந்து எழுத்தில் குறிக்கிறார்கள். முதல் எழுத்தான 'எஸ்' மனநிலைக்கு. அது எஸ்-1-லிருந்து இறங்கினால் பதவி உயர்வுக்கும் நல்ல போஸ்டிங்குக்கும் இடைஞ்சல். சுத்தியிருக்கிறவர்கள் 'மெண்டல்' என்பார்கள். அதனால் ஜவான் வாய் திறப்பதில்லை. மருத்துவத் தாள் வெறுமையாக இருப்பது நோய் இல்லாததற்குச் சாட்சி ஆகாது. அந்த வெறுமையை வேறு தடயங்களால் நிரப்ப வேண்டும்.

இதில் அமெரிக்கர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. வியட்நாம் போரில் இருந்து அவப்பெயரோடு வெளியேறிய பலருக்கு, அவர்கள் வெளியேறியபோது நோய்க்குப் பெயரே கிடையாது. 2014 செப்டம்பரில் அன்றைய பாதுகாப்புத் துறைச் செயலர் ஹேகல், இத்தகைய மனுக்களைத் தாராளமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். 2017 ஆகஸ்டில் வந்த விளக்கக் குறிப்பு நான்கு கேள்விகளை முன்வைத்தது. குற்றத்தை மன்னிக்கவோ தணிக்கவோ கூடிய நோயோ அனுபவமோ இருந்ததா? அது படையில் இருந்தபோது இருந்ததா, நேர்ந்ததா? அது உண்மையிலேயே அந்தக் குற்றத்தைத் தணிக்கிறதா? தணிக்கிறதென்றால், டிஸ்சார்ஜுக்குச் சொன்ன காரணத்தைவிட அது கனமானதா? குற்றம் தொடங்கிய காலத்தில் நடத்தை மாறியதும், வீட்டார் சொல்லும் வாக்குமூலமும் சாட்சியாக எடுக்கப்படும் என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது. இது, படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் நம் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மனு எழுதும்போது வரிசை தப்பாமல் யோசிக்க இந்த நாலு கேள்விகளைவிடக் கைக்கு உதவும் கருவி எனக்குத் தெரியவில்லை.

நம் சட்டத்தில் பிடிமானம் வேறு இடத்தில் இருக்கிறது. சிவப்பு மைப் பதிவுகளுக்காக நடக்கும் டிஸ்சார்ஜ் பெரும்பாலும் ராணுவ விதிகள் 1954-ன் 13-ஆம் விதியின் கீழ் வருகிறது. 1988 டிசம்பர் 28 தேதியிட்ட ராணுவத் தலைமையகக் கடிதம் அதற்கு நடைமுறை வகுத்தது. முதலில் பாரபட்சமில்லாத விசாரணை, பிறகு விளக்கம் கேட்கும் ஷோகாஸ் நோட்டீஸ், அதன் பிறகே முடிவு. வீரேந்திர குமார் துபே வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. நாலு பதிவு சேர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவரை அனுப்பக் கூடாது. நீண்ட சர்வீஸ், கடினமான இடங்களில் பட்ட பாடு இரண்டையும் கணக்கில் எடுத்தே முடிவு செய்ய வேண்டும். 'கடினமான இடம்' என்ற அந்தச் சொல்தான் போர் அதிர்ச்சி உள்ளே நுழையும் வாசல்.

டிஸ்சார்ஜும் டிஸ்மிஸலும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொண்டு மனு போடுகிறவர்கள் நிறைய. டிஸ்மிஸ் ஆனவருக்கு முந்தைய சர்வீஸுக்கான ஓய்வூதிய உரிமையே போகும், குடியரசுத் தலைவரின் விருப்புரிமை ஒன்றுதான் மிச்சம். 13-ஆம் விதியில் வெளியேறியவருக்கு அந்தத் தடை இல்லை. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்திலும் பாதை பிரிகிறது. டிஸ்சார்ஜ் என்றால் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, கோர்ட் மார்ஷல் எனும் ராணுவ நீதிமன்றத்தின் தண்டனை என்றால் 15-ஆம் பிரிவு. நமக்குச் சென்னை அமர்வு. கோர்ட் மார்ஷலில் 'சித்தசுவாதீனம் இல்லை' என்று வாதாடுவது இன்னொரு தனி விஷயம். என்ன செய்கிறோம் என்றே தெரியாத நிலைக்கு உள்ள வாதம் அது. போர் அதிர்ச்சி உள்ளவர் பெரும்பாலும் தெரிந்தேதான் லீவு முடிந்தும் வீட்டில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வேண்டியது தணிப்பு. பைத்தியம் என்ற முத்திரை வேண்டாம்.

இனி முடிச்சைக் கட்டும் விதம். ஒரு முழுத் தாளில் குறுக்காக ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்கு மேலே போஸ்டிங்: எந்த ஊர், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை. கீழே சிவப்பு மைப் பதிவுகள். கற்பனையாக ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 1994-ல் சேர்ந்தவர். ஐந்து வருடம் தாள் சுத்தம். 1999 ஜூனில் கார்கில் போர்முனை, அங்கே ஷெல் விழுந்து பக்கத்தில் இருந்தவர் இறந்தார். 2000 பிப்ரவரியில் 19 நாள் தாமதம். 2000 ஜூனில் குடிபோதை. 2001-ல் சுபேதாரை எதிர்த்துப் பேச்சு. 2002-ல் மறுபடி 26 நாள் தாமதம். 2003-ல் டிஸ்சார்ஜ்.

தனித்தனியாகப் பார்த்தால் நாலு சேட்டை. கோட்டில் வைத்தால், ஐந்து வருட மௌனத்துக்குப் பின் எட்டு மாதத்தில் முதல் பதிவு. குடிபோதைப் பதிவின் தேதி நண்பர் இறந்ததன் முதல் ஆண்டு நினைவு. யூனிட்டில் தாள் நிரப்பிய கிளார்க்குக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. மனுவைப் படிக்கிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இறந்தவர் பெயரும் தேதியும் யூனிட் ஆவணத்தில் இருக்கும் என்பதால் இதை யாரும் கதை என்று தள்ள முடியாது. 1999-க்கு முன்பே அதே மாதிரி இரண்டு பதிவு இருந்தால் கோடு எதிராகத் திரும்பும். அதை மறைக்கக் கூடாது, எதிர்த்தரப்பு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் வரும்.

அடுத்தது வீட்டாரின் அபிடவிட், அதாவது சத்தியம் செய்து தரும் வாக்குமூலம். இங்கேதான் அதிகம் கெடுகிறது. வக்கீல் குமாஸ்தா "என் கணவர் கடும் மன அழுத்தக் கோளாறால் அவதியுற்றார்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். அந்த வரிக்கு மதிப்பே இல்லை, வீட்டுக்காரி டாக்டர் இல்லை. அவர் கண்ணால் கண்டதை அவர் பேச்சிலேயே எழுத வேண்டும்: "அவிய லீவுக்கு வந்தா கட்டில்ல படுக்க மாட்டாவ, திண்ணைலதான். நாய் கொரைச்சா எந்திச்சு சொவத்தோரமா நிப்பாவ. கல்யாணமான புதுசுல அப்படி இல்ல. 2000 பொங்கலுக்கு வந்ததுலேருந்துதான்." இதில் அடையாளம் இருக்கிறது, முன்பு பின்பு இருக்கிறது, தேதிக்குப் பொங்கல் இருக்கிறது. அந்த லீவில்தான் முதல் தாமதம் நடந்தது என்பதும் தானே பொருந்துகிறது. கூடப் பணியாற்றியவர் ஒருவரின் வாக்குமூலமும் கிடைத்தால் போர்முனைச் சம்பவத்துக்கு அது துணை நிற்கும்.

டாக்டர் தரும் தாள் ஒரு வரிச் சான்றிதழாக இருந்தால் போதாது. என்ன சம்பவம், அடையாளங்கள் எப்போது தொடங்கின, ஒவ்வொரு பதிவுக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு, குடிப்பழக்கம் மட்டுமே காரணமாக இருக்கலாமே என்ற ஐயத்தை ஏன் ஒதுக்கினார் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். இதற்கு டாக்டர் நடத்தைத் தாளைப் படித்திருக்க வேண்டும், நகலைக் கையோடு கொண்டு போங்கள். பிசிஎல்-5 என்ற 20 கேள்வித் தாளில் 80-க்கு 31 முதல் 33-க்கு மேல் வந்தால் நோய் இருக்கக்கூடும் என்று அர்த்தம். அது நோயாளியே நிரப்புவது, அதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. மனு போடுவதற்கு முந்தின வாரம் ஒரே நாளில் வாங்கிய சான்றிதழைவிட, மாதாமாதம் மருந்து வாங்கிய ஓ.பி. சீட்டுக் கட்டுக்கு மதிப்பு அதிகம். குண்டு வெடிப்புக்குப் பக்கத்தில் இருந்தவர் என்றால் தலைக்காயத்தையும் தனியாகக் கேளுங்கள். எரிச்சல், மறதி, தலைவலி எல்லாம் அதிலும் வரும்.

காலக்கெடு கடினமானது. இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். 20 வருடம் கழித்துப் போகிறவருக்குத் தாமத மன்னிப்பு மனுதான் முதல் சண்டை. பட்டாளத்துக் கடிதத்தைப் பிரிக்கவே கை நடுங்கியது, பெட்டியையே திறக்கவில்லை என்பது தவிர்த்தல் அடையாளம்தான் என்று டாக்டர் எழுதித் தந்தால் அது காரணத்தில் சேரும். வென்றாலும் மறுபடி சீருடை கிடைக்காது. ஓய்வூதியத்துக்கு வேண்டிய காலம் வரை சர்வீஸில் இருந்ததாகக் கணக்கிடச் சொல்வதுதான் கேட்கக்கூடிய நிவாரணம். வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரிக்கலாம். ராத்திரி நிலைமை மோசமானால் 14416 என்ற மனநல எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இத்தனைக்கும் முன்னால் தாள்கள் கைக்கு வர வேண்டும். ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனுக்கு, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதுங்கள். நடத்தைத் தாள், போஸ்டிங் விவரம், மருத்துவத் தாள்கள், விசாரணை அறிக்கை, ஷோகாஸ் நோட்டீஸ், அதற்குக் கொடுத்த பதில் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்பும்போது கமாண்டிங் ஆபீசர் நிரப்பும் ஏஎஃப்எம்எஸ்எஃப்-10 தாள் இருந்தால் அதையும் கேளுங்கள். அது இருந்தால் யூனிட்டுக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பதிலுக்கு 30 நாள் கெடு. ஓய்வூதியம் இல்லாமல் போனவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழிப்பது ராணுவ நடைமுறை. மேலே கோடு போட்டுப் பார்த்தவர் 2003-ல் வெளியே வந்தார். அவருடைய தாள்களுக்குக் கெடு 2028.