தெருவுக்கு வந்த ஃபைபரை வீட்டுக்குள் கொண்டுவருவது எப்படி?

இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் பகுதியாக இருக்கும் நம் ரீயூனியன் தீவின் பெரும்பாலான தெருக்களுக்கு ஃபைபர், அதாவது கண்ணாடி இழை இணையக் கம்பி வந்துவிட்டது. 2013-ல் பிரெஞ்சு அரசு தொடங்கிய அதிவேக இணையத் திட்டம், 2025-க்குள் எல்லா வீடுகளுக்கும் ஃபைபர் என்பதைப் பின்னர் இலக்காக வைத்துக்கொண்டது. நம் தீவும் அதில் அடக்கம். அப்படியிருந்தும், சங்கத்துக்கு வருகிறவர்களில் பலர் "எங்க வீட்டுக்கு மட்டும் இன்னும் வரலை" என்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால் கம்பி வாசல்வரை வந்து நிற்கிறது. வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, அல்லது வீட்டுக்குக் கதவு எண் இல்லை, அல்லது மண்ணுக்கடியில் கம்பி போகும் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. மூன்றுக்கும் வழி இருக்கிறது. முதலாவதற்குச் சட்டமே இருக்கிறது.

அந்தச் சட்டத்தை இங்கே 'த்ருவா அ லா ஃபீப்ர்', அதாவது ஃபைபர் உரிமை என்பார்கள். டிவி ஆன்டெனா வைக்கும் உரிமைக்காக 1966-ல் வந்த சட்டத்தை 2008-ல் திருத்தி ஃபைபருக்கும் நீட்டினார்கள். 2009-ல் வந்த அரசாணை நடைமுறையைச் சொல்கிறது. வாடகைக்கு இருப்பவரானாலும் சரி, சொந்த அடுக்குமாடி வீட்டில் இருப்பவரானாலும் சரி, தன் செலவில் ஃபைபர் இணைப்பு கேட்க உரிமை உண்டு. வலுவான, நியாயமான காரணம் இல்லாமல் வீட்டுக்காரர் மறுக்க முடியாது. "சுவரில் ஓட்டை போடக் கூடாது", "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதெல்லாம் அப்படிப்பட்ட காரணம் ஆகாது. கட்டடத்தில் ஏற்கெனவே ஃபைபர் இருந்தாலோ, மொத்தக் கட்டடத்துக்கும் ஆறு மாதத்துக்குள் போடப்போகிறேன் என்று அவர் முடிவெடுத்தாலோ தனி இணைப்பை மறுக்கலாம்.

வாயால் கேட்டால் போதாது. என்ன வேலை, எந்த வழியாகக் கம்பி வரும் என்று எழுதி, சிறு வரைபடமும் வைத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து திரும்பி வரும் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அந்தக் கையெழுத்துச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், ஏனென்றால் நாள் கணக்கு அதிலிருந்துதான் ஓடுகிறது. எதிர்க்க நினைக்கும் வீட்டுக்காரர் ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். உங்களுக்கு ஒரு மறுப்புக் கடிதம் எழுதினால் மட்டும் ஆகாது. இது தெரியாமல், "வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார்" என்று வருடக்கணக்கில் தொலைபேசிச் செப்புக் கம்பி வழியாக வரும் பழைய இணையமான ஏடிஎஸ்எல்லோடு ஓட்டிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் உயர்கல்விச் சேர்க்கைக்கான அரசு இணையதளமான பார்க்கூர்சுப்பில் விண்ணப்பம் போடும் மாதங்களில் அது எவ்வளவு பெரிய சோதனை என்பது பெற்றோருக்குத் தெரியும்.

பல உரிமையாளர்கள் சேர்ந்திருக்கும் அடுக்குமாடி என்றால் பேச வேண்டியது கட்டடத்தை நிர்வகிக்கும் சிண்டிக்கிடம். இணைய நிறுவனம் ஒன்று கட்டடத்துக்குக் கம்பி போட முன்வந்தால், அதை அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பது சிண்டிக்கின் கடமை. சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நிறுவனம் தன் செலவிலேயே வேலையை முடிக்க வேண்டும், பராமரிப்பும் அதன் பொறுப்பே. உரிமையாளர்களுக்கு ஒரு சென்ட் செலவு கிடையாது. கம்பி போட்ட நிறுவனத்திடம்தான் சந்தா எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதே கம்பி வழியாக மற்ற நிறுவனங்களும் சேவை தர அது இடம் கொடுத்தாக வேண்டும். அரசு வாடகைக் குடியிருப்பில் இருப்பவர்கள் தனித்தனியாக எழுதுவதைவிட, ஒரு கட்டடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரே கடிதமாக அனுப்புங்கள். நமக்குச் சங்கம் இருப்பது இதற்குத்தானே.

சரி, கதவு எண் விஷயம். சேன் ஆந்த்ரே, சேன் லூயி பக்கம் கரும்புத் தோட்டத்துக்குள் போகும் சின்னப் பாதைகளில் பல வீடுகளுக்கு எண்ணே இருக்காது. தபால்காரருக்கு முகம் தெரியும், அவ்வளவுதான். ஃபைபர் நிறுவனத்தின் கணினிக்கு முகம் தெரியாது. முகவரி தேசிய முகவரிப் பதிவேட்டில் இல்லையென்றால் "உங்கள் வீடு தகுதி பெறவில்லை" என்றே திரை காட்டும். தெருக்களுக்குப் பெயரும் வீடுகளுக்கு எண்ணும் கொடுப்பது 2022 பிப்ரவரியில் வந்த சட்டப்படி எல்லா நகராட்சிகளின் கடமையும் ஆகிவிட்டது. மெரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்கு, நேரில் போய் எண் கேளுங்கள், சான்றும் வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆர்செப்பின் 'மா கொனெக்சியோன் இன்டர்நெட்' வரைபடத்தில் உங்கள் வீட்டின் நிலை என்ன என்றும் பார்க்கலாம்.

மூன்றாவது, அந்தக் குழாய். தொழில்நுட்பக்காரர் வருகிறார், வாசலில் இருக்கும் சின்னக் குழியின் மூடியைத் திறக்கிறார், மஞ்சள் நிற வளையும் கம்பி ஒன்றை உள்ளே தள்ளுகிறார். கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது. மாமரத்து வேர் குழாயை நசுக்கியிருக்கும், அல்லது மழையில் மண் இறங்கியிருக்கும். "அடைப்பு" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், அடுத்த தேதிக்கு மறுபடியும் காத்திருக்க வேண்டும். உங்கள் மனைக்குள் இருக்கும் குழாய்க்கு நீங்கள்தான் பொறுப்பு. அதனால் தேதி குறிக்கும் முன்பே தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குழாயைச் சோதித்துவிடுங்கள். தூணிலிருந்து கம்பி வரும் வீடுகளில், அதன்மேல் சாயும் உங்கள் மனை மரக்கிளைகளை வெட்டுவதும் சட்டப்படி உங்கள் வேலை. புயல் மாதங்களுக்கு முன்பே வெட்டிவிட்டால் உங்கள் வீட்டோடு பக்கத்து வீட்டுக் கம்பியும் தப்பிக்கும். இன்னொன்று: புது வீட்டுக்குக் குடிபோனால் சுவரில் இருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டியைப் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும். சந்தா எடுக்கும்போது அதைச் சொன்னால் ஏற்கெனவே இருக்கும் இணைப்பையே திறந்துவிடுவார்கள்.

ஏடிஎஸ்எல்லே போதும் என்கிறவர்களுக்கும் அதிகக் காலம் இல்லை. பழைய செப்புக் கம்பி வலையை 2030-க்குள் படிப்படியாக மூடும் திட்டத்தை அதன் உரிமையாளரான தொலைத்தொடர்பு நிறுவனம் ஒரான்ஜ் நடத்திக்கொண்டிருக்கிறது. வயதானவர்கள் இருக்கும் வீடுகள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செப்புக் கம்பியில் இருந்த பழைய தொலைபேசி மின்சாரம் போனாலும் பேசும். வீட்டில் வைக்கும் இணையக் கருவியான ஃபைபர் பாக்ஸ் மின்சாரம் போன நொடியே நின்றுவிடும். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி கடைசியில் காரான்ஸ் என்று வந்த புயல்களில் மின்சாரம் போய், தொடர்பும் போய்த் தவித்தோம். பாக்ஸுக்கு ஒரு சின்ன பேட்டரியும், சார்ஜ் ஏற்றிய கைபேசி ஒன்றும் தாத்தா பாட்டி வீட்டில் கட்டாயம் இருக்கட்டும்.

இணைப்பு வந்தாயிற்று, அப்புறம்? வீட்டு உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு, வரி, ஓய்வூதியம் எல்லாம் இணையத்தில்தான். பிரெஞ்சு சரியாக வராதவர்கள், குறிப்பாக இலங்கையிலிருந்து வந்த உறவுகள், யாரோ தெரிந்தவரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். 2020 முதல் இயங்கும் பிரான்ஸ் செர்வீஸ் மையங்களில் இந்த வேலைகளுக்கு இலவசமாக உதவுகிறார்கள். 'எய்தான் கொனெக்ட்' அங்கீகாரம் பெற்ற பணியாளர், உங்கள் கடவுச்சொல் இல்லாமலே, உங்கள் எழுத்துபூர்வ அனுமதியோடு உங்கள் சார்பில் விண்ணப்பம் போடலாம். தங்கும் அனுமதி அட்டைக்கு இணையத்தில் மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால், உயர் நிர்வாக நீதிமன்றமான கொன்செய் தெத்தா 2022 ஜூனில் சொன்னதை நினைவுபடுத்துங்கள்: இணையத்தில் முடியாதவர்களுக்கு மாற்று வழி இருந்தே ஆக வேண்டும். கணினியே தொட்டிராதவர்களுக்கு அரசு நிதியில் இயங்கும் எண்மத் துறை ஆலோசகர்கள் பட்டறை நடத்துகிறார்கள். சங்கக் கூடத்தை அவர்களுக்கு ஒரு பிற்பகல் திறந்துவிட்டு, மொழிபெயர்க்க நம் பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் எவ்வளவோ பேருக்குப் பிரயோசனம்.

எனக்கு மிகவும் ஆசையான விஷயம் தமிழ் வகுப்பு. இங்கே பிறந்த பிள்ளைகள் கோயிலில் தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் பார்த்துப் பாடுகிறார்கள். நம்மைவிடத் தமிழ்நாட்டுக் கடிகாரம் ஒன்றரை மணி நேரம்தான் முந்தியது. பள்ளி இல்லாத புதன் பிற்பகல் மூன்று மணி என்றால் அங்கே நாலரை, ஆசிரியருக்கும் வசதி. ஏடிஎஸ்எல்லில் நம் பக்கத்துப் படம் உறைந்து நின்றதற்குக் காரணம், அதில் மேலே அனுப்பும் வேகம் ஒரு மெகாபிட் அளவுதான். ஃபைபரில் அந்தத் தொல்லை இல்லை. கூடம் நிறையப் பிள்ளைகளை ஒரே திரையில் உட்காரவைத்து, ஒவ்வொருவர் 'ழ'வையும் ஆசிரியர் திருத்தலாம். 2002 முதல் இயங்கும் ஸேஃப் கடலடிக் கம்பி தென்னாப்பிரிக்காவிலிருந்து நம் தீவு, மொரிஷியஸ் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் போகிறது. 2021-ல் மெட்டிஸ் கம்பியும் வந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் மின்னூல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

கோயில், சங்கக் கூடங்களில் வைஃபை வைக்கும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அதைப் பாதுகாக்கப் பொறுப்பு. யாரோ ஒருவர் திருட்டுத்தனமாகப் படம் பகிர்ந்தால் பதிப்புரிமை மீறலைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஆர்கோமின் எச்சரிக்கை சங்கத்தின் பெயருக்கு வரும். தொடர்ந்தால் அபராதம் தனிநபருக்கு 1,500 யூரோ வரை, சங்கத்துக்கு 7,500 யூரோ வரை போகலாம். கடவுச்சொல்லை எழுதிச் சுவரில் ஒட்டாதீர்கள். பெரும்பாலான பாக்ஸ்களில் விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயர் வைக்கும் வசதி உண்டு; தீமிதிக்கு வரும் கூட்டத்துக்கு அதைக் கொடுத்துவிட்டு, விழா முடிந்ததும் அதன் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.