கண் பிரஷரை அளந்தால் போதுமா? கோணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்

மூடுபனி இறங்கிய சாயங்காலத்தில் குன்னூர் தெருவிளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தால் அது பனித்துளிகளின் வேலை, இரண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். பனியே இல்லாத இரவில் ஒரு கண்ணுக்கு மட்டும் வானவில் நிறத்தில் வளையம் தெரிந்து, அந்தப் பக்கம் தலை பிளக்கிற மாதிரி வலித்து வாந்தியும் வந்தால், பித்தம் என்று சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். அது கிளாக்கோமாவாக, அதாவது கண் நரம்பைக் கெடுத்துப் பார்வையைப் பறிக்கும் நோயாக, இருக்கலாம்; அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

கண்ணுக்குள் ஒரு நீர் சதா சுரக்கிறது. ஐரிஸ் என்னும் நிறத் திரைக்குப் பின்னால் சுரந்து, கண் பாப்பா வழியாக ஐரிஸுக்கு முன்னாலுள்ள முன்னறைக்கு வந்து, ஐரிஸும் கார்னியாவும் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) சேரும் மூலையிலுள்ள சல்லடைத் திசு வழியே வடிகிறது. அந்த மூலைதான் கோணம். அங்கே நீர் சரியாக வடியாவிட்டால் கண் பிரஷர் ஏறும். ஐரோப்பியர்களிடம் அதிகம் காண்பது, கோணம் திறந்தேயிருக்க, வடிகால் மட்டும் மெல்ல மக்கர் செய்யும் கிளாக்கோமா. ஆசியர்களில் பலருக்கு முன்னறையே ஆழம் குறைவு. வயதாக ஆக லென்ஸ் தடித்து ஐரிஸை முன்னே தள்ளும், நீர் பாப்பாவைத் தாண்ட முடியாமல் பின்னால் தேங்கும், ஐரிஸ் காற்றில் புடைத்த ஜன்னல் திரைபோல வளைந்து கோணத்தை மூடிவிடும். பாப்பா பாதி விரியும் மங்கல் வெளிச்சத்தில் இது எளிதாக நடக்கும். பாப்பாவை விரிக்கும் சில சளி மாத்திரைகளும் கிளப்பிவிடும். ஆனால் பெரும்பாலோருக்கு வலியே இல்லாமல், வருடக்கணக்கில் மெல்ல மூடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. கோணம் மூடும் இந்த வகை கிளாக்கோமா நோயாளிகளில் உலக அளவில் முக்கால்வாசிப் பேர் ஆசியாவில்தான் இருக்கிறார்கள்.

ஆசியர் என்று எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்க்கவும் முடியாது. ஜப்பானில் தஜிமி நகர ஆய்வில், திறந்த கோண கிளாக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பிரஷர் இயல்பான அளவில்தான் இருந்தது. நம் ஊர்க்காரர்களின் கார்னியா சராசரியாக ஐரோப்பியர்களுடையதைவிட மெலிது, மெலிந்த கார்னியாவில் கருவி பிரஷரைக் குறைத்துக் காட்டும். அதனால் எண்ணை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று அனுப்பிவிடுவது சரியில்லை.

கோத்தகிரிப் பக்கம் கண் முகாமுக்குப் போனால் காதோரப் பொட்டுப் பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள்: மூக்குப் பக்க ஐரிஸில் நிழல் விழுந்தால் முன்னறை ஆழமில்லை என்று சந்தேகிக்கலாம். உறுதி செய்ய கோனியோஸ்கோப்பி வேண்டும். மரத்துப்போகும் சொட்டு விட்டு, கண்ணாடி பதித்த சின்ன லென்ஸைக் கண்மேல் வைத்துக் கோணத்தை நேராகப் பார்ப்பார்கள், வலிக்காது.

சரி, கோணம் குறுகலாக இருந்தால் உடனே லேசரா? சீனாவின் குவாங்சூவில் கோணம் குறுகிய 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும், நீர் வடிய ஐரிஸில் லேசரால் துளை போட்டு, மறு கண்ணை விட்டுவிட்டு, ஆறு வருடம் பார்த்தார்கள்; 2019-இல் முடிவு வந்தது. லேசர் ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது, ஆனால் லேசர் செய்யாத கண்ணிலும் வருடத்துக்கு ஆயிரத்தில் எட்டுக்குத்தான் கோணம் மூடியது. ஆக, குறுகிய கோணம் உள்ள எல்லோருக்கும் லேசர் தேவையில்லை, பலருக்கு ஒழுங்காகக் கண்காணித்தாலே போதும். கோணம் மூடிப் பிரஷர் நன்றாக ஏறியவர்களுக்கு, புரை இல்லாவிட்டாலும் லென்ஸையே எடுத்து மாற்றுவது லேசரைவிட நல்ல பலன் தந்தது என்று 2016-இல் வெளிவந்த ஈகிள் ஆய்வு காட்டியது.

ஒருவருக்குக் கோணம் குறுகியிருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரையும் ஒருமுறை சேர்த்தே அழைத்துப் போங்கள்.