மொரைன்: பனியாறு கொட்டிவிட்டுப் போன மேடு

பனியாறு நகரும்போது மலையைப் பெயர்த்து இழுத்து வந்து, உருகும் இடத்தில் போட்டுவிட்டுப் போகும் பாறை, சரளை, களிமண் குவியலுக்குத்தான் மொரைன் என்று பெயர். ஓடும் ஆறு கல்லை ஓரிடத்திலும் மணலை ஓரிடத்திலும் தரம் பிரித்துப் படியவைக்கும். பனியாற்றுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. மொரைனை வெட்டிப் பார்த்தால் ஆள் உயரப் பாறையை ஒட்டியே நைசான மண் இருக்கும். சில கற்கள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகி, அதில் வரிவரியாகக் கீறல் விழுந்திருக்கும். அடிப்பாறையில் உரசியபடியே வந்த கற்கள் அவை.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சாடூத் தேசியக் காட்டுக்குள் இருக்கும் ரெட்ஃபிஷ் ஏரி இதற்கு நல்ல உதாரணம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். நீளம் சுமார் 7 கிலோமீட்டர். மலையிலிருந்து இறங்கிய பனியாறு பள்ளத்தைக் குடைந்து, குடைந்ததை இரு பக்கமும் முன்னாலும் குவித்தது. பனி உருகியதும் உள்ளே தண்ணீர் நின்றுவிட்டது. வடக்கு முனையில் வெளியேறும் ஓடை சால்மன் ஆற்றில் சேர்கிறது. அந்த வழியாகத்தான் சாக்கை சால்மன் மீன்கள் பசிபிக் கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் நீந்தி முட்டையிட வருகின்றன. அப்போது அவற்றின் உடல் சிவந்துவிடும். ஏரியின் பெயரும் அதனால் வந்ததே. நம் வழக்கில் ஏரி என்றால் கரை கட்டித் தேக்கியது. அந்தக் கணக்கில் ரெட்ஃபிஷ் அசல் ஏரிதான், கரை போட்டது பனியாறு.

மொரைன் என்ற சொல் ஆல்ப்ஸ் மலைக்காரர்களுடையது. சவாய் வட்டாரப் பேச்சில் மண்மேட்டைக் குறித்த சொல் பிரெஞ்சு வடிவம் பெற்றது. ஜெனீவாவின் இயற்கை ஆய்வாளர் சொசூர் 1779-இல் அதை நூலில் எழுதினார், அறிவியல் எடுத்துக்கொண்டது.

சரி, தமிழில்? பாடநூல்களில் மொரைன் என்றே இருக்கிறது. பனிப்படிவு என்றால் உறைபனி படிந்ததாகத் தோன்றும். பனியாற்றுக் கரை என்றால் ஆற்றங்கரை ஆகிவிடும். ‘பனியாற்று மேடு’ என்பதே என் தேர்வு; மூலச் சொல்லின் பொருளும் மேடுதானே. பக்க மேடு, முனை மேடு என்று வகைகளும் எளிதாக அமைகின்றன. தரையில் பரவலாகப் படிந்த வகைக்கு மட்டும் மேடு பொருந்தாது. அதைப் பனியாற்றுப் படிவு எனலாம்.

செய்தி எழுதுவோருக்கு இந்தச் சொல் அடிக்கடி தேவைப்படும். 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில் சரிந்து விழுந்தது இப்படியொரு பக்க மேடுதான். அதனால் ஏரி உடைந்து கிளம்பிய வெள்ளம் தீஸ்தா ஆற்றில் இறங்கி சுங்தாங் அணையை அடித்துச் சென்றது.