சமூகம் நடத்தும் சர்வரில் கணக்குத் தொடங்கும் முன்

நிரலைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம், கூகுள் டிரைவ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தன்னார்வலர்கள் நடத்தும் கட்டற்ற மென்பொருள் சேவைகளுக்கு மாற வேண்டும், எப்படி என்று சிறு நிரலாளர் குழுக்கள் என்னிடம் கேட்கின்றன. சர்வர் பராமரிப்பே என் தொழில் என்பதால் எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் பலரும் ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். மூலநிரல் திறந்திருந்தால் நம் தரவும் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறார்கள். மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், சரி. அது ஓடும் சர்வரில் இருப்பதை, அந்தச் சர்வரை நிர்வகிக்கும் அட்மினும் படிக்கலாமே!

மாஸ்டடான் என்பது பலர் தனித்தனி சர்வர்களில் நடத்தும் சமூக வலைத்தளம். அதில் கொலெக்டிவா என்ற சர்வருக்கு 2023 மே மாதம் நடந்ததை எல்லோரிடமும் சொல்வேன். அந்தச் சர்வரின் அட்மின்களில் ஒருவர் வீட்டில், சர்வருக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு வழக்குக்காக அமெரிக்காவின் எஃப்பிஐ சோதனை போட்டது. ஏதோ கோளாறைச் சரிசெய்வதற்காக அவர் டேட்டாபேஸின் நகலை என்கிரிப்ட் செய்யாமல், அதாவது பிறர் படிக்க முடியாதபடி சங்கேதமாக்காமல், வைத்திருந்த நேரம் அது. மின்னணுச் சாதனங்களோடு அந்த நகலும் போய்விட்டது. பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள், ஹாஷ் செய்த (நேரடியாகப் படிக்க முடியாதபடி உருமாற்றிய) கடவுச்சொற்கள், நேரடிச் செய்திகள் எல்லாம் அதில் இருந்தன. தனியுரிமையில் மிகுந்த அக்கறை கொண்டவர்கள் நடத்திய சர்வர் அது. நடத்துகிறவர் நல்லவரா என்பதோடு, அவர் கையில் என்னென்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஈதர்பேடும் கிரிப்ட்பேடும் குழுவாகச் சேர்ந்து எழுத உதவும் கட்டற்ற மென்பொருள்கள்தான். ஈதர்பேடில் எழுதுவதைச் சர்வரை வைத்திருப்பவர் வாசிக்க முடியும். கிரிப்ட்பேடில் எழுத்து உங்கள் பிரவுசரிலேயே என்கிரிப்ட் ஆகிவிடுவதால், சர்வருக்குப் போய்ச் சேர்வது அவரால் வாசிக்க முடியாத தரவு. கூட்டக் குறிப்புகளுக்கு முதலாவது போதும். வாடிக்கையாளர் விவரம் என்றால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நிரலை வைத்துப் பகிர நான் அதிகம் பரிந்துரைப்பது கோட்பெர்க் தளம். பெர்லினில் 2018-இல் பதிவான லாபநோக்கற்ற சங்கம் அதை நடத்துகிறது. செலவு நன்கொடையிலும் உறுப்பினர் சந்தாவிலும் ஓடுகிறது, உறுப்பினர்களுக்கு வாக்குரிமையும் உண்டு. கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியதுபோல இதை ஒரு நிறுவனம் வந்து விலைபேசிவிட முடியாது. அங்கே ஓடும் ஃபோர்ஜியோ மென்பொருளின் பிறப்பும் இதே அக்கறையில்தான். 2022-இல், இதேபோன்ற தளம் நடத்த உதவும் கிட்டீ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் பெயரும் டொமைனும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனதும், பங்களிப்பாளர்கள் சிலர் தனியே பிரிந்து இதைத் தொடங்கினார்கள். ஆனால் கோட்பெர்க் கட்டற்ற திட்டங்களுக்கான இடம். காசு மிச்சம் என்று வாடிக்கையாளரின் மூடிய நிரலை, அதாவது வெளியே காட்டாத நிரலைக் கொண்டுபோய் அங்கே வைப்பது நியாயமில்லை, விதிமுறையும் அதற்கு இடம்தராது.

எங்கே போனாலும் வெளியேறும் வழியை முதலிலேயே பாருங்கள். இந்தத் தளங்களெல்லாம் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் ஓடுவதால் நிரலின் முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். ஆனால் தளத்தில் மட்டும் இருக்கும் இஷ்யூ (பிழை, கோரிக்கைப் பதிவு), விவாதம், விக்கி? 2017 ஜனவரி 31 அன்று கிட்ஹப் போன்ற கிட்லேப் தளத்தின் டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. நிரல் பிழைத்தது, ஆனால் சுமார் ஆறு மணி நேரத்து இஷ்யூக்களும் கருத்துகளும் திரும்பவில்லை. சம்பள ஊழியர்கள் இருந்த நிறுவனத்திலேயே இந்தக் கதி. அதனால் கணக்குத் தொடங்கும் நாளிலேயே, இவற்றையும் சேர்த்து பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, அந்த பேக்கப்பை ஒருமுறை வேறு கணினியில் மீட்டுப் பார்த்துவிடச் சொல்வேன்.

சேவை சில நேரம் படுக்கும், அதையும் ஏற்கத்தான் வேண்டும். 2024 ஜனவரியில், நிரல் வைக்கும் இன்னொரு தளமான சோர்ஸ்ஹட், போலிக் கோரிக்கைகளைக் குவித்து சர்வரை மூழ்கடிக்கும் டிடாஸ் தாக்குதலில் நாள்கணக்கில் முடங்கியது. இப்போது ஏஐ நிறுவனங்களுக்காக இணையப் பக்கங்களைத் தானாக அள்ளும் கிராலர்கள் வேறு சிறிய சர்வர்களைத் திணறடிக்கின்றன. நள்ளிரவில் எழுந்து இதைச் சரிசெய்கிறவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். மாதாமாதம் ஒரு சிறு தொகையை அனுப்பிவிடுங்கள், அப்புறம் புகார் சொல்லலாம்.

மூடிய நிரல்தான் உங்கள் பிழைப்பு என்றால், சின்ன விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்றில் ஃபோர்ஜியோவை நீங்களே நிறுவலாம். கிட்ஹப்பிலிருந்து இஷ்யூக்களையும் அதுவே இழுத்துக்கொள்ளும். ஆனால் பாதுகாப்பு அப்டேட் வந்தால் உடனே போட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அப்படி ஒருவர் குழுவில் இல்லையென்றால் இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.