ஆன்டிபயாட்டிக் ரெசிஸ்டன்ஸ்: எதிர்ப்பு யாருக்கு?

"அசித்ரோமைசின் போட்டுப் போட்டு உடம்புக்கு பழகிப்போச்சு, இப்ப கேக்கவே மாட்டேங்குது"ன்னு மெடிக்கல் ஷாப் வாசல்ல யாராவது சொல்லி கேட்டிருப்பீங்க. ரெசிஸ்டன்ஸ்ங்கிறத நம்மாளுங்க பாதிப்பேர் இப்படித்தான் புரிஞ்சு வச்சிருக்காங்க. ஆனா பழகினது கிருமிதாங்க, உடம்புக்கு இதுல பங்கே கிடையாது. அதே கிருமி இருமல் வழியா, வாழ்க்கையில ஒரு ஆன்டிபயாட்டிக்கும் தொடாத பக்கத்து வீட்டு குழந்தைக்கு போனாலும் அங்கயும் அந்த மருந்து வேலை செய்யாது.

கிரேக்கத்துல ஆன்டின்னா எதிர், பயோஸ்னா உயிர். ஒரு உயிர் இன்னொன்ன அழிச்சுட்டு தான் பிழைக்கிறதுக்கு 1889ல பால் வுய்மென்ங்கிற பிரெஞ்சுக்காரர் ஆன்டிபயோசிஸ்னு பேர் வச்சார், 1940கள்ல செல்மன் வாக்ஸ்மன் ஆன்டிபயாட்டிக்ங்கிற சொல்ல மருந்துக்கே பேராக்கினார். ரெசிஸ்டன்ஸ் லத்தீன்லருந்து வந்தது, எதிர்த்து நிக்கிறதுன்னு அர்த்தம்.

தமிழ்ல ஆன்டிபயாட்டிக்குக்கு எதிருயிரி, நுண்ணுயிர் எதிர்ப்பின்னு ரெண்டும் புழங்குது. ரெசிஸ்டன்ஸ எதிர்ப்புன்னு போட்டா "நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு"ன்னு ஆகி மூச்சு வாங்குது. எதிர்ப்புத்திறன்னு எழுதினா இன்னும் மோசம், நோய் எதிர்ப்பு சக்தி மாதிரி நல்ல சேதின்னு படிச்சிட்டு போயிடுவாங்க. தாங்குதிறனும் சரியில்ல, மருந்து இருக்கிற வரைக்கும் வளராம, சாகாம பொறுத்துக் கிடக்கிற கிருமிக்கு டாலரன்ஸ்னு தனிப்பேர் இருக்கு, அதுக்கு விட்டுடலாம். மருந்தெதிர்ப்புன்னு சொல்றது சுருக்கம், ஆனா இந்தி எதிர்ப்பு மாதிரி மருந்தே வேண்டாம்னு போராடுற ஆளுங்க ஞாபகம் வருது, அதனால முன்னாடி "கிருமியின்"னு ஒரு வார்த்தை கண்டிப்பா வேணும். பேச்சுல "மருந்துக்கு அடங்காத கிருமி"ன்னாலே போதும்னு நினைக்கிறேன்.

அடங்காம போற விதம் கிருமிக்கு கிருமி வேற. நிமோனியா கொண்டு வர்ற நிமோகாக்கஸ், பென்சிலின் போய் ஒட்டவேண்டிய புரதத்தையே மாத்திக்குது, அதுக்கான மரபணுத் துண்ட நம்ம வாயிலயும் தொண்டையிலயும் சும்மா கிடக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சொந்தக்காரங்ககிட்டருந்து எடுத்துக்குது. காது, நெஞ்சுத் தொற்று கொடுக்கிற ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சேங்கிற கிருமி பெரும்பாலும் பீட்டா லாக்டமேஸ்ங்கிற நொதிய விட்டு பென்சிலின் வகையான அமாக்சிசிலின உடைச்சுடும், அத தடுக்கத்தான் கூட கிளாவுலனிக் ஆசிட் சேர்க்கிறாங்க (நிமோகாக்கஸுக்கு அத சேர்த்து ஒரு பிரயோஜனமும் இல்ல). பென்சிலின் அடிக்கிறது கிருமியோட செல் சுவர, நிமோனியா கொடுக்கிற இன்னொரு கிருமியான மைக்கோபிளாஸ்மாவுக்கு அந்த சுவரே கிடையாது, அதனால பென்சிலினுக்கு பிறவியிலயே அடங்காது. அசித்ரோமைசின் வகைதான் அதுக்கு முதல் கை, அதுவும் கிருமி புரதம் செய்யிற ரைபோசோமோட ஆர்என்ஏல ஒரே ஒரு எழுத்து மாறினதுல ஜப்பான்லயும் சீனாவுலயும் கிழக்காசியா பக்கம் பல இடத்துலயும் கை நழுவிப்போச்சு. இத்தனைக்கு நடுவுல தொண்டைப் புண் கொடுக்கிற குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் இத்தனை வருஷம் கழிச்சும் பென்சிலினுக்கு அடங்கியே நிக்குது, ஏன்னு முழுசா யாருக்கும் விளங்கல.

இன்னொரு விஷயம், "ரெசிஸ்டன்ட்"ங்கிறது மனுஷன் போட்ட கோடு. 1967ல ஆஸ்திரேலியாவுல பென்சிலினுக்கு சரியா அடங்காத நிமோகாக்கஸ் ரிப்போர்ட் ஆச்சு, 1977ல தென்னாப்பிரிக்காவோட டர்பன்ல குழந்தைங்களுக்கே சிகிச்சை பலிக்காத அளவுக்கு போச்சு, அதுக்கப்புறம் உலகத்துல பல இடத்துக்கும் பரவிடுச்சு. ஆனா 2008ல லேப் பரிசோதனைக்கு அளவுகோல் வகுக்கிற அமெரிக்காவோட சிஎல்எஸ்ஐ அமைப்பு, மூளைக்காய்ச்சல் தவிர மத்த தொற்றுக்கு, ஊசில பென்சிலின் போடுறப்ப, லேப்ல மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் மருந்துக்குள்ள கிருமி அடங்கினா அடங்கினதாவே எடுத்துக்கலாம்னு கோட்ட தள்ளி போட்டுச்சு. கிருமி அப்படியேதான் இருந்துச்சு, கணக்குல மட்டும் ரெசிஸ்டன்ஸ் சட்டுனு இறங்கிடுச்சு. அதனால 2008க்கு முன்னாடி பின்னாடி நம்பர பக்கத்துல பக்கத்துல வச்சு ஏறுச்சு இறங்குச்சுன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. இப்பவும் நிமோகாக்கஸ் கல்ச்சர் ரிப்போர்ட்ல (கிருமிய லேப்ல வளர்த்துப் பாத்த முடிவுல) பென்சிலினுக்கு ரெண்டு வரி இருக்கிறத பாக்கலாம், கோடு நோய்க்கு நோய் வேற. 1 மைக்ரோகிராம்ல அடங்குற ஒரே கிருமிக்கு மூளைக்காய்ச்சல் வரில ஆர்னும் (ரெசிஸ்டன்ட், அடங்காது), நிமோனியா வரில எஸ்னும் (சஸ்செப்டிபிள், அடங்கும்) போட்டிருக்கும், ரெண்டும் சரிதான்.