டாக் ஷோவுக்குத் தமிழில் என்ன பெயர்?

நாற்பதைத் தாண்டிய சிங்கப்பூரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியாவது பழைய தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிடும். நாடகங்கள், செய்தி வாசித்தவர்கள், விளம்பரப் பாட்டுகள் என்று ஒரு சுற்றுப் போன பிறகு யாராவது ஒருவர், “90கள்ல வந்த அந்த டாக் ஷோ மாதிரி இப்ப எதுவும் இல்லப்பா” என்பார். அடுத்து அப்படி ஒன்றை நடத்திய அமெரிக்கப் பெண்மணி ஓப்ராவின் பெயர் வரும். பேச்சு முழுக்கத் தமிழில்தான் நடக்கும். ஆனால் ‘டாக் ஷோ’வுக்கு மட்டும் யாரும் தமிழ்ச் சொல் தேட மாட்டார்கள். சொல் இல்லாமல் இல்லை, நான்கைந்து இருக்கின்றன. எடுத்துப் போட்டுப் பார்த்தால் ஒன்று தொளதொள என்றிருக்கிறது, இன்னொன்று இறுக்கிப் பிடிக்கிறது.

டாக் என்றால் பேச்சு, ஷோ என்றால் காட்சி. பிரிட்டனில் இதையே ‘சாட் ஷோ’ என்பார்கள். சிங்கப்பூரில் பள்ளிக்கூட ஆங்கிலம் பிரிட்டிஷ் வழி வந்ததுதான். என்றாலும் இந்த இடத்தில் அமெரிக்கச் சொல்லே நிலைத்துவிட்டது, நிகழ்ச்சிகள் அங்கிருந்து வந்ததால். மொழிபெயர்க்க உட்காருபவர்கள் எல்லாரும் ‘டாக்’ மேலேயே கண்ணாக இருப்பார்கள். பேச்சா, உரையா, அரட்டையா என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். சிக்கல் இருப்பது ‘ஷோ’வில். இந்தச் சொல் நம் பேச்சுக்குள் சினிமா வழியாக வந்தது: மேட்னி ஷோ, செகண்ட் ஷோ. அப்புறம் அதற்கு இன்னொரு பொருளும் ஏறிக்கொண்டது. “ரொம்ப ஷோ காட்டாதே” என்றால் பாசாங்கு பண்ணாதே, பந்தா விடாதே என்று பொருள். மேடையேற்றுவது ஒன்று, பாசாங்கு இன்னொன்று. டாக் ஷோவின் வரலாற்றில் இரண்டும் உண்டு.

இரவுநேர வகை முதலில் வந்தது. அமெரிக்காவில் ‘டுநைட்’ நிகழ்ச்சி 1954இல் தொடங்கியது: மேசைக்குப் பின்னால் ஒருவர், பக்கத்துச் சோபாவில் ஒரு நடிகரோ பாடகரோ, நடுவில் கொஞ்சம் சிரிப்பு. நம் ஆட்கள் ஏங்குவது இதற்காக இல்லை. பகல்நேர வகை வேறு சாதி. அதன் தொடக்கத்துக்குத் தேதியே சொல்லலாம்: 1967 நவம்பர் 6, ஓஹியோ மாநிலத்து டேட்டன் நகரம். ஃபில் டோனஹ்யூ என்ற ஒலிபரப்பாளர் உள்ளூர் நிலையம் ஒன்றில் நிகழ்ச்சியை ஆரம்பித்தார். அதே நேரத்தில் முன்பு நடந்துகொண்டிருந்த பல்சுவை நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிய பெண்கள் அரங்கில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விளம்பர இடைவேளையில் அவர்கள் விருந்தினரிடம் கேட்ட கேள்விகள் தன் கேள்விகளைவிடக் கூர்மையாக இருப்பதைக் கவனித்த டோனஹ்யூ, மைக்கைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு நடுவே இறங்கிவிட்டார். பகல்நேர டாக் ஷோ பிறந்தது அந்தப் படியில் இறங்கியபோதுதான் என்பேன். மேடையில் இருந்த பேச்சு அவைக்குள் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்த இல்லத்தரசி, தன்னைப் போன்ற ஒருத்தி கையில் மைக் இருப்பதைப் பார்த்தாள். பேசிய விஷயங்களும் அப்படி: மணமுறிவு, மதம், கருத்தடை, குடிப்பழக்கம். அக்கம்பக்கத்தில் குரலைத் தாழ்த்திப் பேசியதெல்லாம் பட்டப்பகலில் வெளியே வந்தது.

நிலையங்களுக்கும் இது பிடித்துப் போனது. காரணம் காசு. நாடகம் என்றால் கதை, நடிகர்கள், ஒத்திகை எல்லாம் வேண்டும். இதற்கு ஒரு செட்டும் ஒரு நெறியாளரும் போதும்; விருந்தினர் தினம் மாறிக்கொள்வார். தயாரித்ததை ஊர் ஊராக நிலையங்களுக்கு விற்கவும் முடிந்தது.

ஓப்ரா வின்ஃப்ரே 1984இல் சிகாகோவில் ஒரு காலைநேர நிகழ்ச்சியை ஏற்று நடத்தத் தொடங்கினார். அது 1986 செப்டம்பர் 8 முதல் அவர் பெயரிலேயே நாடு முழுக்கப் போனது, 2011 மே 25 வரை ஓடியது. டோனஹ்யூ கேள்வியை அவைக்குக் கொடுத்தார் என்றால் ஓப்ரா தன் கதையையும் சேர்த்துக் கொடுத்தார். சிறுவயதில் தனக்கு நடந்த பாலியல் கொடுமையை நாடு முழுக்கப் போன முதல் ஆண்டிலேயே நிகழ்ச்சியில் சொன்னவர் அவர். 1996இல் புத்தக வட்டம் தொடங்கினார்; அவர் கையில் எடுத்த நாவல் கடைகளில் தீர்ந்துபோகும்.

இன்னொரு பக்கம், 90களில் இந்த வகை கெட்டும் போனது. அதற்கு முன்னோட்டமாக 1988இலேயே ஜெரால்டோ ரிவேரா நடத்திய நிகழ்ச்சியில் கைகலப்பாகி, பறந்து வந்த நாற்காலி அவர் மூக்கை உடைத்தது. 1991இல் தொடங்கிய ஜெரி ஸ்பிரிங்கர் நிகழ்ச்சியில் சண்டையே பண்டமானது. தகாத உறவு, துரோகம், அடிதடி, விலக்கிவிட மேடை ஓரத்தில் தயாராக நிற்கும் காவலர்கள். 1995இல் செனட்டர் ஜோ லீபர்மனும் முன்னாள் கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட்டும் இவற்றுக்கு எதிராக இயக்கமே நடத்தினார்கள். அப்படியும் 1998இல் ஸ்பிரிங்கர் கொஞ்ச காலம் ஓப்ராவையே பார்வையாளர் எண்ணிக்கையில் முந்தினார். சண்டைகள் செட்டப் என்று சில முன்னாள் விருந்தினர்கள் சொன்னதும் அந்த ஆண்டுதான். ‘ஷோ காட்டாதே’ என்பதில் வரும் ஷோ இது. நான் இதைப் பார்த்ததைவிட இதைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். நம் வழக்கில் இதற்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது, குழாயடிச் சண்டை. பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்த கம்பத்து (கிராமத்து) வாழ்க்கைக் காலத்து ஆள்கள் இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே பகல்நேரத் தொலைக்காட்சி பார்க்கப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு இருந்தது. பல பள்ளிகள் காலை, மதியம் என இரண்டு வேளையாக நடந்தன. ஒரு வேளைப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது இன்னொரு வேளைப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். தொடக்கப்பள்ளிகள் முழுமையாக ஒரே வேளைக்கு மாற 2016 ஆனது. ஆகவே ஒளிவழி 5இல் ஓப்ரா வந்தபோது, வீட்டிலிருந்த அம்மா, பாட்டியோடு சீருடை மாற்றாத பிள்ளைகளும் பார்த்தார்கள். ஆங்கிலம் சரியாகப் புரியாத பாட்டிகளும் பார்த்தார்கள். அழுகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

தமிழில் அப்படி ஒன்று இங்கே வளரவில்லை. 60களிலிருந்து தமிழ் நிகழ்ச்சிகள் சீன நிகழ்ச்சிகளோடு ஒளிவழி 8ஐப் பகிர்ந்துகொண்டு குடித்தனம் நடத்தின, 90களில் மலாய் நிகழ்ச்சிகளோடு பிரைம் 12க்குக் குடிபெயர்ந்தன. 2000 ஜனவரியில் வந்த சென்ட்ரல் ஒளிவழியில் வசந்தம் சென்ட்ரல் ஒரு பகுதி. வசந்தம் தனி ஒளிவழியானது 2008 அக்டோபரில். கிடைத்த நேரத்தில் செய்தி, நாடகம், திரைப்படம் என்று அடக்க வேண்டிய இடத்தில் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிக்கு வழி ஏது? பொருள் ஆங்கிலத்தில் வந்தது, பெயரும் அப்படியே நின்றுவிட்டது. தமிழில் கலந்து பேசும் ஆசையைத் தீர்த்து வைத்தது வானொலி. தொலைபேசியில் அழைத்து, தன் பெயரைச் சொல்லி, கருத்தும் சொல்லி, அப்படியே ஒரு பாட்டும் கேட்கலாம்.

சரி, தமிழ்ச் சொற்களைப் பார்ப்போம்.

அரட்டை. தமிழகத்தில் சன் டிவியில் விசு நடத்திய ‘அரட்டை அரங்கம்’ இந்தச் சொல்லை வீடு வீடாகக் கொண்டுபோனது. நல்ல பெயர், எதுகை மோனைக்காக மட்டும் சொல்லவில்லை. பிரிட்டிஷ் ‘சாட்’ என்பதற்கு அரட்டை நேர் பொருத்தம். ஆனால் வகுப்பில் “அரட்டை அடிக்காதே” என்று திட்டு வாங்கி வளர்ந்தவர்களுக்கு அதில் வெட்டிப்பேச்சு வாசனை போகாது. தனக்கு நேர்ந்த கொடுமையை ஒரு பெண் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்கிறாள், அதை அரட்டை என்று எழுதக் கை வருமா?

கலந்துரையாடல். பொருளில் குற்றம் இல்லை. சிங்கப்பூரில்தான் இது மாட்டிக்கொண்டது. இந்தச் சொல்லைக் கேட்டதும் சமூக மன்றத்தில் வரிசையாகப் போட்ட நாற்காலிகள், முன்வரிசையில் அடித்தளத் தலைவர்கள், சிறப்பு விருந்தினராக நாடாளுமன்ற உறுப்பினர், முடிந்ததும் தேநீர் என்று ஒரு படமே ஓடுகிறது. அங்கே யாரும் அழ மாட்டார்கள்.

பட்டிமன்றம். இதற்குத்தான் வேர் ஆழம். மணிமேகலையின் விழாவறை காதையில் முரசு அறைபவன், “ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்” என்று சமயவாதிகளை அழைக்கிறான். மண்டபத்தின் முறை தெரிந்து ஏறுங்கள் என்கிறான். அடுத்து வரும் அடிகள் இன்னும் சுவை: “பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்”. பகைவரானாலும் அவரோடு கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள். ஸ்பிரிங்கர் அரங்கின் வாசலில் எழுதி மாட்டியிருக்க வேண்டிய அடிகள். ஆனால் பட்டிமன்றம் டாக் ஷோ ஆகாது. அதில் அணி உண்டு, நடுவர் உண்டு, கடைசியில் தீர்ப்பு உண்டு. டாக் ஷோவில் தீர்ப்பு கிடையாது, விளம்பரம் வந்ததும் பேச்சு அப்படியே நிற்கும். விஜய் டிவியில் 2006 முதல் வரும் ‘நீயா நானா’ இரண்டுக்கும் பிறந்த பிள்ளை. அணி பட்டிமன்றத்திலிருந்து வந்தது, சொந்தக் கதை டாக் ஷோவிலிருந்து வந்தது.

அளவளாவல். எனக்குப் பிடித்த சொல். வள்ளுவர் சுற்றந்தழாலில் “அளவளா வில்லாதான் வாழ்க்கை குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று” என்கிறார் (குறள் 523). கலந்து பழகாதவன் வாழ்வு, கரையில்லாத குளத்தில் நீர் நிறைவது போன்றது. நெஞ்சு கலத்தல் என்று உரை சொல்வார்கள். இரண்டு பேர் சாவகாசமாகப் பேசும் இரவுநேர வகைக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. பகல்நேர வகைக்குப் போதாது, அவைக்கு இதில் இடம் இல்லை.

டோனஹ்யூ படியிறங்கிப் போன இடம் சொல்லில் இருக்க வேண்டும் என்றால் ‘உரையாடல் அரங்கு’ என்பதுதான் சரி. கருத்தரங்கு, கவியரங்கு, பாட்டரங்கு என்று இந்தக் குடும்பம் ஏற்கெனவே நம் பத்திரிகைகளில் புழங்குகிறது, புதிதாக வந்ததாகத் தோன்றாது. ‘அரங்கு’ மேடையையும் பார்க்க வந்தவர்களையும் சேர்த்தே சுட்டுகிறது. ‘உரையாடல்’ என்பதில் ஆடலும் இருக்கிறது, ஒருவர் போட மற்றவர் எடுக்க. விசு ‘அரங்கம்’ என்று வைத்தபோதே பாதி வேலை முடிந்துவிட்டது என்றும் சொல்லலாம்.

கூட வரும் சொற்களையும் பார்த்துவிடலாம். நடத்துபவரைத் தமிழகத்தில் தொகுப்பாளர், நெறியாளர் என்கிறார்கள். சிங்கப்பூரில் வானொலிப் பழக்கத்தால் படைப்பாளர். டாக் ஷோவுக்கு நெறியாளரே பொருத்தம், பேச்சு வழிதவறாமல் நடத்துபவர் அவர்தானே. கெஸ்ட் என்பதற்கு விருந்தினர். பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை, வீட்டுக்கு வரும் புதியவரும் விருந்து. தினம் ஒரு புது முகம் வந்து உட்காரும் நிகழ்ச்சிக்கு இதைவிட என்ன வேண்டும்! ஆடியன்ஸ் விஷயத்தில் எனக்கு வானொலி மேல் பொறாமை. ‘நேயர்’ என்று அன்புக்குரிய சொல் ஒன்றை அது வைத்திருக்கிறது. தொலைக்காட்சிக்குக் கிடைத்தது ‘பார்வையாளர்’. ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் ‘அவையோர்’ என்று பிரித்துச் சொல்லலாம்.

கடைசியாக, அந்த ஏக்கத்துக்கு என்ன பெயர்? நாஸ்டால்ஜியா என்பது 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரில் தன் ஆய்வேட்டுக்காக உண்டாக்கிய சொல். கிரேக்கத்தில் நோஸ்டோஸ் என்றால் வீடு திரும்புதல், அல்கோஸ் என்றால் வலி. அன்று அது நோயின் பெயர், ஊரை விட்டுப் போனவர்களுக்கு வரும் நோய். வார இதழ்களின் ‘மலரும் நினைவுகள்’ இதற்குத் தோதாகாது, அதில் வலியே இல்லை. ‘கழிவிரக்கம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது நடந்ததை எண்ணி வருந்துவது, தவறான சொல். ‘நினைவேக்கம்’ பரவாயில்லை. இலங்கைத் தமிழர்கள் ‘நனவிடை தோய்தல்’ என்கிறார்கள். அதில் ஒரு ஈரம் இருக்கிறது, நான் அதற்கே ஓட்டுப் போடுவேன்.

எழுத்தில், “90களின் பகல்நேர உரையாடல் அரங்குகளைப் பற்றி நனவிடை தோய்ந்தார்” என்று தாராளமாக எழுதலாம். காப்பிக் கடையில் அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர், “என்னண்ணே, உடம்பு சரியில்லையா?” என்று கேட்பார். அங்கே டாக் ஷோ என்றே சொல்லிக்கொள்ளுங்கள்.